கோப்பிக்கடையும் அமரும் உரிமையும்

கொழும்பு வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றின் முனையில் இரண்டு கோப்பிக்கடைகள் எதிரெதிராக அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று, ஒரே பெயரும் ஒரே நிறமும் ஒரே விலைப்பட்டியலும் கொண்டு நகரெங்கும் கிளை பரப்பிய தொடர்க்கடை. குளிரூட்டப்பட்ட மண்டபம், மெத்தையிட்ட நாற்காலிகள், மெல்லிய இசை, சீருடையணிந்த இளைஞர்கள் என அதன் ஒழுங்குகள் யாவும் வேறெங்கோ வகுக்கப்பட்டு இங்கே நிறைவேற்றப்படுபவை. மற்றையது, ஒரு கணவனும் மனைவியும் ஓர் இளைஞனின் துணையுடன் நடத்தும் தனிக்கடை. ஐந்து மேசைகள், ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு நாட்காட்டி. விலைகள் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். முன்னையதில் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் பணத்திற்குப் பின்னையதில் மூவர் குடிக்கலாம்.

பொருளியல் பயிலும் மூன்றாம் வருட மாணவியொருத்தி இத்தொடர்க்கடையினுள் ஒருபோதும் காலடி வைத்ததில்லை. பணமின்மை அதற்கு ஒரு காரணம். கொள்கை மற்றொரு காரணம். கண்ணிற் படலம் அகற்றும் சத்திரசிகிச்சைக்காக வடமராட்சியிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். வைத்தியரைக் கண்டு திரும்பிய ஒரு மாலையில் இருவரும் அம்முனையில் நின்றனர். மாணவி பழக்கத்தால் தனிக்கடையின் பக்கம் திரும்பினாள். முதியவரோ எதிர்ப்புறத்துக் கண்ணாடிக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

“அப்பப்பா, உங்கை வேண்டாம். இஞ்சாலை வாங்கோ.”

“ஏன் பிள்ளை? உது வடிவாய்த்தானே கிடக்கு. உங்கையே இருப்பம்.”

மூத்தவரின் விருப்பத்தை மறுக்க இயலாமல் அவளும் உட்சென்றாள். ஆயின் அம்மாலையிலும், அதன்பின் வைத்தியரிடம் சென்றுவந்த மேலும் இரு மாலைகளிலும், அவர்களிடையே நிகழ்ந்த உரையாடல் ஒரு கோப்பைக் கோப்பியின் எல்லையைக் கடந்து சென்றது. எங்கே அமர்ந்து குடிப்பது என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துச் சுவை பற்றியதாகவும் பணம் பற்றியதாகவுமே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின், ஒருவரை அமரவைக்கவும் எழுப்பிவிடவும் அதிகாரமுடையவர் யார் என்ற வினாவே அதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

மாணவியின் வாதம் இந்நாட்டின் மலைகளிலிருந்தே தொடங்கியது. தேயிலைக்கு முன்னர் அம்மலைகளை மூடியிருந்தது கோப்பி. 1870களில் உலகின் முதன்மையான கோப்பி ஏற்றுமதி நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் முதன்முதலிற் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டதும் கோப்பித் தோட்டங்களுக்கே. 1869 இல் இலைத் துருநோய் இங்கே கண்டறியப்பட்டது. காற்றிற் பரவும் பூஞ்சண வித்துகளுக்குத் தடையாக வேறு மரமோ பயிரோ இல்லாதவாறு மலைக்கு மலை ஒரே செடி நடப்பட்டிருந்தமை அந்நோய்க்கு வாய்ப்பாயிற்று. இரு தசாப்தங்களுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. 1880களின் தொடக்கத்தில் இங்கு வந்து அந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலறிஞர் சுட்டிக்காட்டியதும், ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் இடைவெளியின்றி நடுவதில் உள்ள இந்த ஆபத்தையே. ஒரே வகையான கடை ஊரெல்லாம் பரவும்போதும் இவ்வாபத்து நேர்கின்றது என்பது அவள் கருத்து. ஒரு தனிக்கடை விழுந்தால் ஒரு கடையே விழும். தொடர்க்கடை விழும்போது பல ஊர்களில் ஒரே நாளிற் கதவுகள் மூடப்படும்.

இதற்கு அவள் காட்டிய சான்று அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஸ்ரார்பக்ஸ் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் சிட்னியில் தன் முதற் கடையைத் திறந்தது. எட்டே ஆண்டுகளில் அங்கு 84 கடைகள் எழுந்தன. ஆயின் இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் தத்தம் கோப்பிப் பழக்கத்தை அந்நாட்டு நகரங்களில் முன்னமே வேரூன்றச் செய்திருந்தனர். மெல்பேண் நகரின் பேர்க் வீதியில் 1954 இல் தொடங்கப்பட்ட பெலகிறினிஸ் போன்ற சிறு கடைகளில் மக்கள் நின்றும் இருந்தும் குடித்துப் பழகியிருந்தனர். கடைக்காரர் வாடிக்கையாளரின் சுவையை அறிந்திருந்தார். வாடிக்கையாளர் கடைக்காரரின் கைப்பக்குவத்தை அறிந்திருந்தார். அத்தகைய ஊரில் அந்நிய நிறுவனத்தின் இனிப்புப் பானங்களுக்குப் பெரிய தேவை எழவில்லை. 2008 யூலையில் 84 கடைகளுள் 61 கடைகளை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. சில நாள்களுள் அவை மூடப்பட்டன. ஏறத்தாழ 700 பேர் வேலையிழந்தனர். எஞ்சியவை 2014 இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறின.

“அங்கை வேலை செய்த ஒருத்தரும் தங்கடை கடையை மூடச் சொல்லிக் கேக்கேல்லை, அப்பப்பா. எங்கையோ இருந்து ஒரு முடிவு வந்தது, கதவு பூட்டினாங்கள். எதிர்க்கடையிலை அந்த மனுசியும் மனுசனும் நினைச்சால்தான் கதவு பூட்டும்.”

முதியவர் கோப்பையை மெல்லச் சுழற்றியவாறு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கூறியதில் ஒரு குறை உண்டென்று மட்டும் அன்று சொன்னார். தனிக்கடையின் கதவை மூடுபவர் அதன் உரிமையாளர் மாத்திரமல்லர். கட்டடச் சொந்தக்காரர் வாடகையை இரட்டிப்பாக்கினாலும் அது மூடும். கடைக்காரர் நோயுற்றாலும் மூடும். பிள்ளைகள் வெளிநாடு சென்றாலும் மூடும். சிறுமை தன்னளவிற் பாதுகாப்பன்று.

இரண்டாம் மாலையில் மாணவி இந்தியக் கோப்பி இல்லங்களின் வரலாற்றைக் கொண்டுவந்தாள். இந்தியாவிற் கோப்பி விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் 1936 இல் பம்பாயில் முதற் கோப்பி இல்லம் திறக்கப்பட்டது. பின்னர் கோப்பிச் சபையின் பொறுப்பில் இந்திய நகரங்கள் பலவற்றில் அவை பரவின. கல்கத்தாவின் கல்லூரி வீதியில், பழைய அல்பேட் மண்டபத்தில், 1942 இல் தொடங்கிய கோப்பி இல்லம் அந்நகரின் மாணவர்க்கும் எழுத்தாளர்க்கும் பேராசிரியர்க்கும் இரண்டாவது விரிவுரை மண்டபமாயிற்று. ஒரு கோப்பை வாங்கியவர் பலமணிநேரம் அமர்ந்திருக்கலாம்; எழுந்திருக்கும்படி யாரும் கேட்பதில்லை. 1950களின் நடுப்பகுதியிற் கோப்பிச் சபை தன் இல்லங்களை மூடத் தீர்மானித்தபோது தொழிலாளர் தெருவில் விடப்படும் நிலை தோன்றியது. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலனின் ஊக்கத்தினால் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். 1957 இல் பெங்களூரிலும், அவ்வாண்டின் இறுதியில் டில்லியிலும், 1958 இல் கேரளத்தின் திருச்சூரிலும், கோப்பை கழுவியவர்களும் பரிமாறியவர்களும் தாமே உரிமையாளராகிக் கதவுகளைத் திறந்தனர்.

இவ்வரலாறு அவளுடைய முதல் வாதத்தைச் சற்றே திருத்தியது. கூட்டுறவுக் கோப்பி இல்லங்களும் பல ஊர்களிலே பரவியவைதாம். அவற்றுக்கும் ஒரே பெயரும் ஒத்த சீருடையும் உண்டு. எனவே பன்மையில் இருப்பதே குற்றமாகாது. முடிவெடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதே வேறுபாடு. பரிமாறுபவர் முடிவெடுப்பவராகவும் இருக்கும் இடத்தில், மூடும் கட்டளை வானத்திலிருந்து விழுவதில்லை. அங்கும் நட்டமுண்டு, மூடுதல் உண்டு. எனினும் அது அவ்விடத்திலே பேசி எடுக்கப்படும் முடிவாகும். இந்தியாவில் 1996 இல் பெங்களூரில் தொடங்கிய கஃபே கோஃபி டே என்னும் தொடர்க்கடை நூற்றுக்கணக்கான கிளைகளாக வளர்ந்து, 2019 இல் அதன் நிறுவனரின் துயர மரணத்தின் பின் கடன்சுமையாற் கிளைகள் பலவற்றை மூட நேர்ந்தது. அத்தகைய ஏற்றமும் இறக்கமும் கண்ட காலமெல்லாம், கூட்டுறவு இல்லங்கள் பல, தேய்ந்த மேசைகளுடனும் தலைப்பாகை அணிந்த பரிசாரகர்களுடனும், தம்பாட்டில் நடந்துவந்தன.

அன்று முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது கோப்பியைப் பற்றிப் பேசாது, ஒரு தேநீர்க் கடையைப் பற்றிப் பேசினார்.

அவர் சிறுவனாயிருந்த காலத்தில் அவரது ஊர்ச் சந்தியில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. மாணவி போற்றும் எல்லா இலக்கணங்களும் அதற்குப் பொருந்தும். உரிமையாளர் ஊரவர், வெளியாரின் பணம் ஒரு சதமும் அதில் இல்லை. வருபவர் ஒவ்வொருவரின் பெயரையும், தகப்பன் பெயரையும், காணியின் எல்லையையும் அவர் அறிவார். யாருக்குச் சீனி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரியும். அச்சிறுவன் எந்தச் சாதியினன் என்பதும் தெரியும். ஆகவே அவனும் அவனுடைய தகப்பனாரும் வாங்கில் அமர இயலாது. வெளியே நின்று, தமக்கென ஒதுக்கப்பட்ட வேறு ஏனத்தில் வாங்கிக் குடித்துவிட்டு, அதைத் தாமே கழுவி வைக்கவேண்டும். கடைக்காரர் கடுமையானவரல்லர். சிரித்துப் பேசுபவர், சிலவேளை கடனும் கொடுப்பார். அந்தச் சிரிப்பும் அந்த ஏனமும் ஒரே கையிலிருந்து வந்தன.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாகக் கடைகளிலும் பொது இடங்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அப்பொழுது அச்சிறுவனுக்குப் பதினொரு வயது. சட்டம் கொழும்பில் நிறைவேறியது. சந்தியில் வாங்கு அவ்வாறே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அந்த வாங்குகளை அசைத்தன. அவற்றில் அடிபட்டோர் உளர், உயிர்விட்டோரும் உளர். 1971 இல் சட்டமும் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஒரு கோப்பைத் தேநீரை இருந்து குடிப்பதற்காக யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை கொடுத்த விலை அது.

“உன்ரை கடைக்காரர் ஆளை அறிஞ்சு வைச்சிருக்கிறார் எண்டு நீ சந்தோசப்படுறாய், பிள்ளை. என்னை அறிஞ்சு வைச்சிருந்தபடியால்தான் என்னை வெளியிலை நிப்பாட்டினவங்கள். இஞ்சை உந்தப் பெடியன் என்ரை பேரைக் கேட்டுக் கோப்பையிலை எழுதினான். ஊர் எது எண்டு கேக்கேல்லை. எனக்கு அது காணும்.”

மாணவி இதற்கு உடனே மறுமொழி கூறவில்லை. குடும்பத்தின் இவ்வரலாற்றை அவள் ஓரளவு அறிந்திருந்தாள். அவர் வாயாற் கேட்டது அதுவே முதன்முறை. எதிர்க்கடையின் மீது தான் வைத்திருந்த அன்பில், அறியப்படுதல் என்றுமே இன்பமானது என்ற எடுகோள் ஒளிந்திருந்ததை அவள் அன்றுதான் கண்டாள். அத்தகைய எடுகோளைச் சுமந்து திரிபவர்கள் பெரும்பாலும் அறியப்பட்டதால் இழப்பு எதையும் அடையாதவர்களே.

வரலாறும் இவ்விடயத்தில் எச்சரிக்கை தருகின்றது. 1652 இல் இலண்டனின் கோர்ண்ஹில் பகுதியில் முதற் கோப்பிக்கடை திறக்கப்பட்டபின் அத்தகைய கடைகள் அந்நகரிற் பெருகின. ஒரு பென்னி கொடுத்தவர் செய்தித்தாள் வாசிக்கலாம், வணிகம் பேசலாம், அரசியலை விமர்சிக்கலாம். அதனால் அவை பென்னிப் பல்கலைக்கழகங்கள் எனப்பட்டன. அங்கு நடந்த பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1675 டிசெம்பர் இறுதியில் அவற்றை மூடுமாறு பிரகடனம் செய்தான். எதிர்ப்பு வலுக்கவே, 1676 சனவரியில், அது நடைமுறைக்கு வருமுன்னரே மீளப்பெற வேண்டியவனானான். மன்னனையே பணியவைத்த அக்கடைகளில், பெண்கள் வாடிக்கையாளராகச் சென்று அமரும் வழக்கம் இருக்கவில்லை. எல்லோர்க்கும் திறந்த வீடு என்று புகழப்படும் ஒவ்வோர் இடத்திலும், வாயிலில் நின்றவர் யார் என்று கேட்கவேண்டியிருக்கின்றது.

மூன்றாம் மாலையில் மாணவி மறுமொழியுடன் வந்தாள். அப்பப்பாவின் அனுபவத்தை மறுக்க அவள் முனையவில்லை. பெயர் அறியாத கடையும் முகத்தைப் பார்க்கின்றது என்பதையே அவள் காட்ட விரும்பினாள். 2018 ஏப்பிரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்ரார்பக்ஸ் கடையொன்றில் நண்பரொருவருக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர் இருவர், எதையும் வாங்காது அமர்ந்திருந்தனர் என்பதற்காகப் பொலிசாரால் விலங்கிடப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். எங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு மே 29 இல் நிறுவனம் அந்நாட்டிலுள்ள 8,000க்கும் மேற்பட்ட தன் கடைகளை ஒரு பிற்பகல் முழுவதும் மூடி ஊழியர்க்கு இனப்பாகுபாடு பற்றிய பயிற்சி அளித்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் அமரலாம் என்ற விதியையும் வகுத்தது. 2025 சனவரியில் இன்னொரு விதி வந்தது: வட அமெரிக்கக் கடைகளில் இனி வாங்குபவர்களே அமரலாம்.

முதியவர் இதைக் கேட்டுச் சிறிது சிரித்தார். ஒரு பிற்பகலில் எண்ணாயிரம் கதவுகளை மூடிப் பாடம் நடத்தும் வல்லமை எந்தச் சந்திக் கடைக்காரருக்கும் இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். யாழ்ப்பாணத்து வாங்குகளை ஒவ்வொன்றாக அசைக்கப் பல்லாண்டுகள் சென்றன. மாணவியோ, சுற்றறிக்கையாற் கிடைத்த நாற்காலி சுற்றறிக்கையால் எடுக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டினாள். போராடிப் பெற்ற வாங்கை எடுப்பது அவ்வளவு எளிதன்று. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஒருவர் கூற்று மற்றவர் கூற்றை அழிக்கவில்லை.

அன்று அவர்கள் எதிர்க்கடைக்குச் சென்றனர். முதியவரே அதற்கு விரும்பினார். பேத்திக்காக அவர் விட்டுக்கொடுத்தார் எனக் கருதுவது தவறு; அவர் பரிசோதிக்க வந்திருந்தார். சுவரோரமாக, கடை முழுவதையும் காணக்கூடிய இடத்தில் அமர்ந்தார். ஒரு கண்ணில் மறைப்பு இருந்தது. மற்றைய கண்ணாற் பார்த்தார். முச்சக்கரவண்டிச் சாரதியொருவர் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனைகளுடன் ஒரு கணக்காளர் வந்தார். பின்னர், வீதியைக் கூட்டிக்கொண்டிருந்த மாநகரசபைத் தொழிலாளி ஒருவர், கடும்பச்சை மேலங்கியுடன், தும்புத்தடியை வாசலிற் சாத்திவைத்துவிட்டு உள்ளே வந்து, கணக்காளரின் மேசையிலேயே வெற்று நாற்காலியில் அமர்ந்தார். கணக்காளர் தன் கோப்பையைச் சற்று நகர்த்தி இடம்விட்டார். கடைக்காரப் பெண் இருவருக்கும் ஒரே தட்டில் ஒரேவிதமான கோப்பைகளைக் கொணர்ந்து வைத்தாள்.

முதியவர் அதை நோக்கியிருந்தார். பின்னர், கோப்பை கழுவிக்கொண்டிருந்த இளைஞனை அழைத்து, சம்பளம் மாதாமாதம் கிடைக்கிறதா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று வினவினார். சம்பளம் கிடைப்பதாகவும் மற்றையதைப் பற்றித் தனக்குத் தெரியாதென்றும் அவன் கூறினான். 1958 இலேயே சட்டமான உரிமையொன்றை 2000களிற் பிறந்த ஓர் இளைஞன் அறியாதிருந்தான். எதிர்ப்புறத்துத் தொடர்க்கடையில் வேலைசெய்யும் தன் சக மாணவனுக்கு அந்நிதி ஒழுங்காகக் கட்டப்படுவது மாணவிக்குத் தெரியும். அவள் அதை மறைக்காமற் சொன்னாள். சொன்னபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது.

“அப்ப, இதுகும் முழுசாய்ச் சரியில்லை, என்ன?”

“முழுசாய்ச் சரியான கடை எண்டு ஒண்டு இருந்தால் நாங்கள் ஏன் பிள்ளை அடிபட்டனாங்கள்? கேக்கலாம். அவனும் கேக்கலாம், நீயும் கேக்கலாம். இந்த மனுசி உதிலைதானே நிக்கிறா.”

அக்கடைக்காரப் பெண்ணிடம் மாணவி அதன்பின் அதுபற்றிக் கேட்டாள். வாசலில் நின்றே கேட்டாள். அப்பெண் முதலில் முகம் சுளித்தாள். பின்னர், தம்மிடம் பதிவுப் பத்திரங்கள் இல்லையென்றும், தொழில் திணைக்களத்துக்குச் சென்று விசாரிக்க நேரமில்லையென்றும், ஒருநாள் துணைக்கு வந்தால் போகலாம் என்றும் கூறினாள். பரீட்சை முடிந்ததும் வருவதாக மாணவி வாக்களித்தாள்.

தொடர்க்கடையா தனிக்கடையா என்று எடுத்தவுடன் தீர்ப்புக் கூறுவோர் பலர். பெரியதை வெறுப்பதே முற்போக்கு என்போரும் உண்டு. பளபளப்பானதே நாகரிகம் என்போரும் உண்டு. இவ்விருசாராரும் கடையின் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுத் திரும்புகின்றனர். உள்ளே செல்பவர் மூன்று விடயங்களைக் கேட்டறிதல் வேண்டும்: இங்கே யாவருக்கும் ஒரே கோப்பைதானா? கோப்பை கழுவுபவருக்கு அவருடைய உரிமை கிடைக்கிறதா? இவ்விரண்டும் பிழைக்குமிடத்து, முகங்கொடுத்து மறுமொழி சொல்ல இங்கே ஒருவர் நிற்கிறாரா? முதல் வினா அம்முதியவருடையது; மூன்றாவது அவருடைய பேத்தியுடையது; இரண்டாவதை இருவரும் அவ்விளைஞனிடமிருந்து கற்றுக்கொண்டனர்.

மறுவாரம் முதியவர் ஊருக்குத் திரும்பினார். புறப்படும் நாளன்று இரவுப் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. பேத்தி எந்தக் கடைக்குப் போவோம் என்று கேட்டாள். அவர் தனிக்கடையைக் காட்டினார். அங்கே மேசைகள் யாவும் நிறைந்திருந்தன. முன்பு கண்ட வீதித் தொழிலாளி, தான் எழும்பப் போவதாகச் சொல்லி, தன் நாற்காலியை அவருக்கு இழுத்துவிட்டார். முதியவர் அமர்ந்தார். கோப்பி வர நேரமானது. அவர் அவசரப்படவில்லை.